மசாய் மாரா டென்ட் கேம்ப்ல அம்மாவோட தங்கலாமா? துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் சிங்கமாமே

லாஸ்பேட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பாண்டி லாஸ்பேட்டைல இருந்து எழுதறேன். எங்கம்மா போன வருஷம் ஸ்கூல் வேலையில இருந்து ரிட்டயர் ஆனாங்க, 61 ஆகுது. மத்த வீட்டு அம்மாங்க காசிக்கு போகணும் ராமேஸ்வரம் போகணும்னு கேப்பாங்க, எங்கம்மா எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து டிவியில சிங்கம் ஓடறத பாத்துட்டு "ஒரு தடவையாச்சும் இத நடுவுல கம்பி இல்லாம பாக்கணும்டி"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. இந்த மாசம் சீட்டு எடுத்தேன், கையில காசு இருக்கு, சரி செஞ்சிடலாம்னு ஒரு டிராவல்ஸ்ல போய் விசாரிச்சேன். கென்யா மசாய் மாரா, லக்ஸரி டென்டட் கேம்ப், மூணு ராத்திரி, ஆளுக்கு ஒரு ராத்திரி 420 டாலர், ஃப்ளைட் தனின்னு சொன்னாங்க. போட்டோவெல்லாம் காட்டுனாங்க, பெரிய கட்டில், கம்பளம், பித்தளை விளக்கு, பாத்ரூம் கூட உள்ளயே இருக்கு, எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆனா சுவர் மட்டும் துணி. "சுத்தி வேலி இருக்குமா சார்"னு கேட்டா அவரு சிரிச்சிக்கிட்டே "வேலி இல்லாததுதான் மேடம் இதுல ஸ்பெஷலே"ங்கறாரு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. அம்மாகிட்ட சொன்னா அவங்க முகம் அப்படியே லைட் போட்ட மாதிரி ஆயிடுச்சு.

பயம் எனக்குத்தான்னு ஒத்துக்கறேன். ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு கான்கிரீட் வீட்டுக்குள்ளயே தூங்காதவ நான். இங்க யாராச்சும் போய் தங்கிட்டு வந்தவங்க இருந்தா சொல்லுங்க, ராத்திரி நெஜமாவே எப்படி இருக்கும், அம்மா சுத்த சைவம் முட்டை கூட தொட மாட்டாங்க சாப்பாடு எப்படி, முட்டி வலி வேற இருக்கு, இந்த காசு குடுக்கறது தகுமா இல்ல வேற எங்கயாச்சும் போலாமா.

சும்மா_ஒருத்தன்:

420 டாலர் குடுத்து கூடாரத்துலயா? எங்க தாத்தா தாழங்குடால ஓலை குடிசையில ஓசியில படுத்தாரு, கடல் காத்து வேற ஃப்ரீ.

ஜோக் இருக்கட்டும், 1898ல அதே கென்யாவுல சாவோங்கற எடத்துல ரயில் பாலம் கட்டிட்டு இருந்த கூலியாளுங்கள ரெண்டு சிங்கம் மாசக்கணக்கா ராத்திரில டென்ட்டுக்குள்ள பூந்து இழுத்துட்டு போச்சு, அதுல நெறைய பேரு நம்ம நாட்டு ஆளுங்க. அந்த ரெண்டு சிங்கத்தையும் பஞ்சு அடைச்சு இன்னிக்கும் சிகாகோ மியூசியத்துல வெச்சிருக்கான். படிச்சிட்டு புக் பண்ணுங்க மேடம், நல்லா தூக்கம் வரும் 😄

கெடிலக்கரை:

சிஸ்டர், மேல எழுதன தம்பிய நம்பி கேன்சல் பண்ணிடாதீங்க. நான் கடலூர் ஓல்டு டவுன், கென்யா தலைநகரம் நைரோபில ஒரு பெயின்ட் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாத்துட்டு ஏழு வருஷம் இருந்தேன், மாராவுக்கு நாலு தடவை போயிருக்கேன், அதுல ஒரு தடவை எங்கம்மாவோட, அப்ப அவங்களுக்கு 66.

மொதல்ல அந்த சாவோ கதைய முடிச்சிடறேன். நடந்தது நெஜம்தான். ஆனா அது மாராவுல இல்ல, நாட்டோட இன்னொரு பக்கம், மொம்பாசா ரயில் போற வழி. அந்த ஆளுங்க முள்ளு வேலி போட்டுட்டு நூத்துக்கணக்குல காட்டுக்குள்ள படுத்திருந்தாங்க, அதுல ஒரு சிங்கத்துக்கு கோரப்பல் ஒடஞ்சு சீழ் புடிச்சிருந்துச்சுன்னு மண்டை ஓட்ட பாத்து பின்னாடி சொன்னாங்க, பல்லு வலியோட எருமையவும் வரிக்குதிரையவும் புடிக்க முடியுமா, மனுசன்தான் மெதுவா இருந்தான். அதையும் இப்ப இருக்கற கேம்ப்பையும் ஒண்ணா பேசறது தப்பு.

இப்ப ராத்திரி. உங்க கேள்வியே அதானே, விவரமா சொல்றேன். வேலி இல்லாத கேம்ப்புல மிருகங்க சுத்தி வரும், பக்கத்துல வரும், இத மறைச்சு சொல்றதுல அர்த்தமே இல்ல. இருட்டுனதும் நீங்க தனியா நடக்கக் கூடாது, டார்ச்சும் ஈட்டியும் வெச்சிக்கிட்டு அந்த எடத்து மசாய் இனத்து காவல்காரரு ஒருத்தரு, அஸ்காரின்னு சொல்வாங்க, டென்ட்டுக்கே வந்து கூட்டிட்டு போய் சாப்பாட்டு எடத்துல விட்டுட்டு திரும்பவும் கொண்டாந்து விடுவாரு, விட்டுட்டு ஜிப்ப நீங்க இழுத்து மூடற வரைக்கும் வெளிய நிப்பாரு. உள்ள ஒரு விசிலோ வாக்கிடாக்கியோ குடுத்திருப்பாங்க. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், ஜிப்ப தெறக்காதீங்க. சிங்கத்துக்கு டென்ட்டுங்கறது ஒரு பெரிய பாறை மாதிரி, உள்ள ஆளு இருக்குன்னு பிரிச்சு பாக்கறதில்ல, ஜீப்புல உக்காந்திருக்கற வரைக்கும் நம்மள ஏன் கண்டுக்கறதில்லியோ அதே மாதிரி. ஜீப்ப விட்டு ஒரு கால் கீழ வெச்சா கதையே வேற.

சத்தம் இருக்கே, அதான் சமாச்சாரம். சிங்கம் சினிமாவுல வர மாதிரி ஒரே கத்தா கத்தாது. மாடி வீட்டுல யாரோ இரும்பு பீரோவ தரையில இழுக்கற மாதிரி ஆரம்பிக்கும், அப்புறம் உம்ம்... உம்ம்... உம்ம்னு கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகி அடங்கும். 8 கிலோமீட்டருக்கு அந்தாண்ட கத்துனாலும் கேக்கும்னு சொல்வாங்க, அதனால கட்டில் கீழயே படுத்திருக்கற மாதிரி தோணும், காலைல கைடுகிட்ட கேட்டா "அதுவா, அது ஆத்துக்கு அந்தப் பக்கம்"னு சொல்வான். ஆனா அந்த தூரத்துலயும் நெஞ்சுக்கூட்டுக்குள்ள ஒரு அதிர்வு தெரியும் பாருங்க, தேர்த்திருவிழாவுல பறை பக்கத்துல நின்னா தெரியுமே, அது. நீர்யானை ராத்திரில கரையேறி புல்லு மேய வரும், யாரோ பழைய சாக்க பொறுமையா கிழிக்கற மாதிரி சத்தம், ஒரு ராத்திரிக்கு 30, 40 கிலோ புல்லு திங்கும், அது டென்ட் கயிறு பக்கத்துல நின்னு கிழிச்சிட்டு இருந்தா எழுந்து உக்காந்துடுவீங்க. கழுதைப்புலி 'ஊஊ...வுப்'னு கீழ இருந்து மேல ஏத்தி கூப்புடும்.

மொத ராத்திரி நான் தூங்கல, உண்மைய சொல்லிடறேன். எங்கம்மா தூங்குனாங்க. நடுவுல ஒரு தடவை "அய்யோ"ன்னு கத்துனாங்க, என்னன்னு பாத்தா போர்வைக்குள்ள கால விட்டப்ப ஏதோ சூடா மெத்துனு இருந்திருக்கு, குட்டி போட்டுட்டு போயிடுச்சுன்னு நெனச்சிட்டாங்க, அது சுடுதண்ணி பை, ஒவ்வொரு கட்டில்லயும் சாயங்காலம் வெச்சிட்டு போவாங்க ஏன்னா மாரா 1500 மீட்டருக்கு மேல இருக்கு, ஆப்பிரிக்கான்னா வெயில்னு நெனச்சிட்டு போயிடாதீங்க, விடியக்காலம் பல்லு அடிக்கும். பாண்டி சண்டே மார்க்கெட்ல ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கிக்குங்க. காலைல நான் கண்ணு செவந்து போய் உக்காந்திருக்கேன், எங்கம்மா டீ குடிச்சிட்டே சொல்றாங்க, "தானே புயல் அன்னிக்கு தலைக்கு மேல ஓடு பறந்துச்சே, அதுக்கு இது எவ்வளவோ மேல், இதுங்க பாட்டுக்கு அதுங்க வேலைய பாக்குதுங்க". 2011 டிசம்பர் 30ந் தேதி எங்க வீட்டுல இருந்தவங்களுக்குத்தான் அந்த பேச்சோட அர்த்தம் புரியும்.

இன்னொண்ணு, டிராவல்ஸ் காட்டற கட்டில் கம்பளம் பித்தளை விளக்கு இதுக்கெல்லாம் காசு குடுக்காதீங்க. எங்க இருக்கு, யாரு கைடு, இந்த ரெண்டுக்கு குடுங்க. "மாரா"ன்னு பேரு போட்டுட்டு செகெனானி கேட்டுக்கு வெளிய ரோட்டோரமா வரிசையா கேம்ப் இருக்கு, அதுவும் டென்ட்தான், அதுலயும் கம்பளம் இருக்கும், ஆனா காலைல கேட்டு தெறக்கற வரைக்கும் வண்டி வண்டியா க்யூ. மாரா ரிசர்வ்ங்கற சரணாலயம் 1510 சதுர கிலோமீட்டர், அதுக்கு வடக்கால ஒட்டுனாப்புல கன்சர்வன்சிங்க இருக்கு, மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி இப்படி. அது மசாய் குடும்பங்களோட சொந்த நிலம், கேம்ப் நடத்தறவங்க சேர்ந்து குத்தகைக்கு எடுத்து அவங்களுக்கு மாசாமாசம் பணம் குடுக்கறாங்க, நம்ம ஊருல முந்திரித்தோப்ப குத்தகைக்கு விடற மாதிரின்னு வெச்சிக்குங்க, ஆனா இங்க குத்தகை எடுத்தவன் எதையும் பறிக்கக் கூடாது. அங்க தங்கறவங்க வண்டி மட்டும்தான் உள்ள வரும், ஒரு சிங்கத்த சுத்தி அஞ்சு வண்டிக்கு மேல நிக்க விடமாட்டாங்க, பாதைய விட்டு எறங்கி ஓட்டலாம், ராத்திரியும் வண்டில போகலாம், ரிசர்வ் உள்ள இதெல்லாம் கிடையாது. அதனால கேம்ப் எந்த எடத்துல இருக்குன்னு மேப்புல புள்ளி வெச்சு காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க.

கைடுக்கு கென்யாவுல பரீட்சை இருக்கு, ப்ரான்ஸ் சில்வர் கோல்டுன்னு மூணு படி, சட்டைல பேட்ஜ் குத்தியிருப்பாங்க. சில்வர் கைடு வேணும்னு முன்னாடியே கேளுங்க, கேட்டா குடுப்பாங்க. எங்களுக்கு வந்தவன் ஒரு தாம்சன் மான் தலைய தூக்கி ஒரே பக்கமா பாக்கறத வெச்சு வண்டிய திருப்புனான், பத்து நிமிஷம் எதுவுமே இல்ல, எங்கம்மா தூங்கி வழியறாங்க, அப்புறம் புல்லு மேட்டுல இருந்து சிவிங்கிப்புலி ஒண்ணு எழுந்து சோம்பல் முறிச்சிது. போட்டோல வர சிங்கம் எல்லாரும் பாத்துடுவாங்க. மானோட கழுத்த பாத்து வண்டி திருப்பறவன் கெடைக்கறதுதான் லக்ஸரி.

முந்திரிக்காடு:

பண்ருட்டில இருந்து. அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு ஆனா ஆம்பளைங்க யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு, பாத்ரூம். டென்ட்ல கவலை இல்ல, பின்பக்கம் ஜிப்ப தெறந்தா வெஸ்டர்ன் டாய்லெட், வாஷ்பேசின் எல்லாம் இருக்கும், குளிக்கறதுக்கு மட்டும் சில கேம்ப்ல மேல தொங்கற வாளில வெளிய இருந்து சுடுதண்ணி ஊத்துவாங்க, எத்தன மணிக்கு வேணும்னு முன்னாடியே சொல்லணும், ஒரு வாளி இரண்டு பேருக்கு தாராளம், சோப்பு போட்டுட்டு நின்னு யோசிக்கக் கூடாது அவ்ளோதான். பிரச்சனை வண்டில. காலைல ஆறுக்கு கெளம்புனா பத்து மணி ஆகும் திரும்ப, சில நாள் காட்டுலயே டிபன். நடுவுல அவசரம்னா கைடு ஒரு வெட்டவெளியா பாத்து சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வண்டிக்கு பின்னாடி போங்கன்னு சொல்வாரு, அவரு அந்தப் பக்கம் பாத்துட்டு நிப்பாரு. எங்க மாமியார் அத கேட்டுட்டு மொத நாள் தண்ணியே குடிக்கல, மத்தியானம் தலைசுத்தல். அதனால அம்மாகிட்ட இப்பவே பேசிடுங்க, சுடிதார் இல்லன்னா தளர்ந்த பாவாடை மாதிரி ஏதாச்சும், புடவை வேணாம். டிஷ்யூவ அங்க போடக் கூடாது, கவர்ல போட்டு எடுத்துட்டு வரணும், அதுவும் பிளாஸ்டிக் கவர் வேணாம், கென்யாவுல 2017ல இருந்து தடை, ஏர்போர்ட்லயே எடுத்துக்குவாங்க.

முட்டி வலிக்கு, லேண்ட் க்ரூசர் படி நல்ல ஒசரம். சின்ன ஸ்டூல் வைக்கச் சொல்லி முன்னாடியே எழுதுங்க, நடு சீட்டு கேளுங்க, கடைசி சீட்டுல உக்காந்தா இடுப்பு போயிடும். பெரிய மழைக்கு அப்புறம் போனீங்கன்னா இன்னும் மோசம், அங்கயும் நம்ம கரிசல் மண்ணுதான், மாட்டுனா மாட்டுனதுதான், நாங்க ஒரு மணி நேரம் நின்னோம், கொஞ்சம் தள்ளி எருமைக் கூட்டம், யாரும் எறங்கக் கூடாதுன்னுட்டாரு, வேற வண்டி வந்து கயிறு கட்டி இழுத்துச்சு.

அப்புறம் பொட்டி. நைரோபில இருந்து மாராவுக்கு ரோடுல அஞ்சாறு மணி நேரம், இல்லன்னா வில்சன் ஏர்போர்ட்ல இருந்து குட்டி விமானம் முக்கால் மணி நேரம். விமானத்துல ஆளுக்கு 15 கிலோதான், கைப்பை சேத்து, அதுவும் மெத்துனு இருக்கற பை, சக்கரம் வெச்ச பொட்டி ஏத்த மாட்டாங்க. அம்மா முட்டிக்கு விமானம்தான் சரி. நீலம் கறுப்பு டிரஸ் வேணாம், செட்சி ஈ அந்த கலர தேடி வந்து கடிக்கும், ஜீன்ஸ் மேலயே கடிக்கும்.

ரொம்ப முக்கியமானது ஊசி. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு சர்டிபிகேட் இல்லாம கென்யா போய்ட்டு வந்தா இந்தியால எறங்குனதும் ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சிடுவாங்க. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, கெளம்ப பத்து நாள் முன்னாடியாச்சும் போட்டிருக்கணும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். ஆனா 60 தாண்டினவங்களுக்கு அந்த ஊசில ரிஸ்க் கொஞ்சம் கூட, உயிருள்ள கிருமி ஊசி அது, அதனால அம்மாவோட டாக்டர்கிட்ட மொதல்ல பேசுங்க, அவரு சரின்னா மட்டும் மத்த காச கட்டுங்க. எங்க பெரியம்மா டிக்கெட் எடுத்துட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போனாங்க, அவரு வேணாம்னுட்டாரு, பாதி காசு போச்சு. மலேரியா மாத்திரையும் அதே டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

லாஸ்பேட்டைக்காரி:

அக்கா ரொம்ப நன்றி, இந்த ஊசி விஷயம் டிராவல்ஸ்ல ஒரு வார்த்தை சொல்லல!! அந்த ஊசி முட்டைல வளக்கறதாமே, அம்மாகிட்ட சொன்னேன், "ஊசில போனா வாய்ல போன கணக்கு இல்ல"ன்னுட்டாங்க. சிங்கத்துக்காக எல்லா ஆச்சாரமும் லீவ்.

மேப் கேட்டேன். முதல்ல "மாரா உள்ளதான் மேடம்"னாரு, புள்ளி வெச்சு காட்டுங்கன்னதும் அது கேட்டுக்கு வெளிய. கெடிலக்கரை அண்ணே, உங்களுக்கு ஒரு கிலோ பலாச்சுளை பாக்கி. ஆனா இப்ப கன்சர்வன்சின்னு கேட்டா ரேட்டு ராத்திரிக்கு 600 தாண்டுது. டாக்டர் ஒருவேளை ஊசி வேணாம்னா இந்தியாவுலயே இதே மாதிரி டென்ட் கேம்ப் இருக்காமே, ரந்தம்போர் போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மணக்குளத்தெரு:

ரந்தம்போர் நான் போயிருக்கேன் போன மார்ச்ல. நெலம சொல்றேன், அங்க எந்த டென்ட் கேம்ப்பும் புலி இருக்கற கோர் காட்டுக்குள்ள இல்ல, எல்லாம் வெளிய. அதனால மேல சொன்ன மாதிரி ராத்திரி பீரோ இழுக்கற சத்தமெல்லாம் எதிர்பாக்காதீங்க. நாங்க தங்கன எடத்துல கேட்டது பக்கத்து ரிசார்ட்ல கல்யாண டிஜே, ராத்திரி பதினொண்ணு வரைக்கும், அப்புறம் ஜெனரேட்டர். 18,000 ரூபா ஒரு ராத்திரிக்கு, டென்ட்டுக்குள்ள சரவிளக்கு எல்லாம் தொங்குது, ஏசி ஓடுது, துணி மட்டும் பேருக்கு. கேட்டா "சீசன் சார்"னு ஒரு பதில்.

ஆனா காடு, அது வேற லெவல். பத்து ஜோன், ஜிப்சின்னா தெறந்த ஜீப்பு, அதுல ஆறு பேரு, கேன்டர்னா தெறந்த மினி பஸ் மாதிரி, அதுல இருபது பேரு. ஜிப்சி முன்னாடியே புக் பண்ணிடுங்க, கேன்டர் டவுன்பஸ் மாதிரி ஆடும், அம்மா முட்டிக்கு சுத்தமா ஆகாது. பழைய கோட்டை, மூணு ஏரி, இடிஞ்ச மண்டபத்துல புலி படுத்திருக்கும், மச்லின்னு ஒரு பெண் புலி அந்த ஏரிங்கள ராணி மாதிரி ஆண்டுச்சு, 2016ல செத்துப் போச்சு, இன்னிக்கு அங்க பாக்கற புலிங்கள்ல நெறைய அதோட வம்சம்தான். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் மெயின் ஜோன் மூடிடுவாங்க. சென்னை - ஜெய்ப்பூர் ரயில் சவாய் மாதோபூர்லயே நிக்கும். கோட்டை மேல த்ரிநேத்ர கணேஷ் கோயில் இருக்கு, நாடு பூரா இருந்து ஜனங்க அந்த புள்ளையாருக்கு கல்யாண பத்திரிகைய தபால்ல அனுப்பறாங்க, போஸ்ட்மேன் மூட்டையா தூக்கிட்டு போறாரு. நம்ம மணக்குள விநாயகர் தெருவுல பொறந்த எனக்கே கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு.

ஆனா ஒரு விஷயம், உங்கம்மா கேட்டது சிங்கம். ரந்தம்போர்ல சிங்கம் கெடையாது. சிங்கம்தான்னா இந்தியால ஒரே எடம் குஜராத் கிர்ரும் அத சுத்தி இருக்கற பகுதியும்தான், 2025 கணக்குல எல்லாம் சேத்து 891 சிங்கம் சொன்னாங்க. நம்ம சிங்கத்துக்கு பிடரி கொஞ்சம் கம்மி, காது வெளிய தெரியும், வயித்துக்கு கீழ ஒரு தோல் மடிப்பு தொங்கும். ஜூன் 16ல இருந்து அக்டோபர் 15 வரைக்கும் மூடியிருக்கும், பர்மிட் ஆன்லைன்ல. ஊசியும் வேணாம் பாஸ்போர்ட்டும் வேணாம். டென்ட்ல தங்கி சத்தம் கேக்கணும்ங்கற ஆசைக்கு ராஜஸ்தான்லயே ஜவாய் போலாம், பாலி மாவட்டம், அது நேஷனல் பார்க் கெடையாது, கருங்கல் குன்றுங்க, குகைல சிறுத்தை, கீழ செவப்பு தலப்பா கட்டுன ரபாரி ஆளுங்க ஆடு மேய்க்கறாங்க, குன்று மேல கோயில், பூசாரி படியேறற அதே படியில சிறுத்தை எறங்குது. ஆடு மாட்ட அடிச்சா கூட அந்த ஜனங்க பெருசா எடுத்துக்கறதில்ல. அங்க டென்ட் நெஜமாவே அமைதியா இருக்கும். எனக்கு ரந்தம்போர விட அதான் புடிச்சிது, ஆனா வண்டி பாறை மேல ஏறி எறங்கும், முட்டிக்கு யோசிச்சுக்குங்க.

சும்மா_ஒருத்தன்:

கோர்க்குள்ள தங்கக் கூடாதுன்னு நம்ம ஊரு ரூல் போட்டது நல்லதுதானே, எல்லாத்துக்கும் டாலர் கட்டி கூடாரம் அடிச்சா மிருகம் எங்க போகும்? சீரியஸா கேக்கறேன். மாராவுல மிருகங்க கூட்டமா ஆத்த தாண்டற வீடியோல பாத்தா மாட்டுக் கூட்டத்த விட ஜீப்புக் கூட்டம் அதிகமா இருக்கு.

கெடிலக்கரை:

தம்பி மொத தடவையா உருப்படியா கேட்டிருக்கீங்க. அந்த வீடியோ பொய்யில்ல, ஜூலை கடைசில இருந்து அக்டோபர் வரைக்கும் வில்டபீஸ்ட்ங்கற மாடு மாதிரி இருக்கற மானுங்க லட்சக்கணக்குல பக்கத்து நாடு தான்சானியாவோட செரங்கெட்டில இருந்து வந்து மாரா ஆத்த தாண்டும், அத பாக்க ஒரே கரையில அம்பது அறுபது வண்டி முட்டிக்கிட்டு நிக்கும், சில டிரைவருங்க மிருகம் எறங்கற வழியவே மறிச்சிடுவாங்க. நான் ஒரு தடவை போய் நின்னுட்டு கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுல பொங்கலுக்கு முந்துன ராத்திரி நின்ன மாதிரி இருந்துச்சு, திரும்பிட்டோம்.

அதனாலதான் சிஸ்டருக்கு சொல்றேன், ஆகஸ்ட்ட விட்டுடுங்க. சிங்கமும் சிறுத்தையும் வில்டபீஸ்ட் பின்னாடி ஊரு விட்டு ஊரு போறதில்ல, அதுங்களுக்கு அவங்கவங்க எல்லை இருக்கு, வருஷம் பூரா அங்கதான். ரிசர்வ் கட்டணமே வெளிநாட்டுக்காரங்களுக்கு ஜூலை - டிசம்பர் ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரி - ஜூன் 100 டாலர், பாதிக்கு பாதி. பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசி போட்டீங்கன்னா மழையும் அவ்வளவா இருக்காது, கேம்ப்பும் ரேட்ட கொறைப்பாங்க, கேட்டுப் பாருங்க. மார்ச்சுக்கு மேல மே வரைக்கும் பெரிய மழை, அப்ப வேணாம், முந்திரிக்காடு அக்கா சொன்ன கரிசல் கதை. கன்சர்வன்சியிலயே தங்கி அங்கயே சுத்துனா ரிசர்வ் டிக்கெட் தனியா எடுக்கற நாள கொறைச்சுக்கலாம், கன்சர்வன்சி கட்டணம் ரேட்டுல சேந்திருக்கான்னு மட்டும் எழுத்துல வாங்கிக்குங்க. மூணு ராத்திரியும் உள்ளயே தங்கறதுக்கு பதிலா ரெண்டு ராத்திரி வெளிய ஒரு கேம்ப், ஒரு ராத்திரி உள்ளன்னு பிரிச்சு தருவாங்க, அதுக்கு ஒத்துக்காதீங்க, பாதி நாள் மூட்டை கட்றதுலயே போயிடும். பலூன் ரைடுன்னு ஒண்ணு தள்ளுவாங்க, 400 டாலருக்கு மேல, எறங்கறப்ப கூடை சாஞ்சு இழுத்துட்டு போகும், முட்டி வலிக்காரங்களுக்கு கண்டிப்பா வேணாம், அந்த காசுல இன்னொரு ராத்திரி தங்குங்க.

சாப்பாடு பத்தி கவலையே வேணாம். குஜராத்திங்க தலமுற தலமுறயா அங்க இருக்காங்க, சுவாஹிலி பாஷையிலயே சப்பாத்திக்கு சப்பாத்தி, டீக்கு சாய்னுதான் பேரு. முட்டை இல்லாத சைவம்னு முன்னாடியே எழுதிட்டா பாசிப்பயறு குழம்பு, பீன்ஸ், கீரைன்னு பண்ணி போடுவாங்க, உப்பு காரம் கம்மியா இருக்கும், பருப்புப்பொடி ஊறுகாய் கொண்டு போங்க. ஆனா எதையும் டென்ட்டுக்குள்ள வைக்கக் கூடாது, மெஸ் டென்ட்ல குடுத்துடணும். சிங்கத்துக்கு பயந்தீங்களே, உங்க டென்ட்டுக்குள்ள நெஜமா பூரறது குரங்குதான். எங்கம்மா சொல்லச் சொல்ல கேக்காம ஒரு டப்பா அதிரசத்த கட்டில் அடில ஒளிச்சி வெச்சிட்டு வந்தாங்க, மத்தியானம் திரும்பி வந்தா ஜிப்பு அழகா தெறந்திருக்கு, வெளிய மரத்து மேல குடும்பமா உக்காந்து சாப்பிடுதுங்க, ஒண்ணு மட்டும் எங்கம்மா மூக்குக் கண்ணாடிய கையில வெச்சு திருப்பித் திருப்பி பாத்துட்டு இருந்துச்சு. அஸ்காரி ஈட்டியோட ஓடி வந்தாரு. சிங்கம் வந்தா வேணும்னு வெச்சிருந்த ஈட்டி, எங்க ட்ரிப்புல அதுக்கு வந்த ஒரே வேலை அதான்.

லாஸ்பேட்டைக்காரி:

அப்டேட். அம்மாவோட டாக்டர் பிரஷர் சுகர் எல்லாம் பாத்துட்டு ஊசி போடலாம்னுட்டாரு, லெட்டரும் குடுத்தாரு. ஜனவரி கடைசி வாரம், நபோய்ஷோ பக்கம் ஒரு சின்ன கேம்ப், மூணு ராத்திரி, ராத்திரிக்கு 480க்கு எறங்கி வந்தாங்க, வேற டிராவல்ஸ். மேப்புல புள்ளி வெச்சு காட்டுனாங்க, ஸ்டூல் வைக்கறேன்னு மெயில்லயே எழுதிட்டாங்க. எனக்கு பயம் இன்னும் போகல, விசில் ரெண்டா குடுப்பாங்களான்னு கேக்கணும். அம்மா அந்த சுடுதண்ணி பை கதைய தெரு பூரா சொல்லிட்டாங்க.

ஒரே ஒரு டவுட் அண்ணே. காலைல உங்கம்மா டீ குடிச்சாங்கன்னீங்க. அம்மாவுக்கு ஃபில்டர் காபி இல்லன்னா கண்ணே தெறக்காது, சிங்கம் எதிர நின்னாலும் தெரியாது. அங்க கெடைக்குமா?

கெடிலக்கரை:

கென்யா காப்பிக்கொட்டை உலகம் பூரா பேரு போனது, ஆனா கேம்ப்ல கண்ணாடி ஜாடில அழுத்தி எறக்கி தண்ணியா தருவாங்க. உங்க பொடியும் சின்ன பித்தளை ஃபில்டரும் எடுத்துட்டு போங்க, ராத்திரியே டிகாக்‌ஷன் போட்டு வைக்கச் சொன்னா வெச்சிடுவாங்க, பால் நல்லா இருக்கும். பொடிய மெஸ் டென்ட்ல குடுத்துடுங்க. கட்டில் அடில வேணாம்.